ஆஸ்பத்திரி ஏட்டின் நகலைப் பெறும் வழி

நிலமுள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பட்டாவும், கிரயப் பத்திரமும், தீர்வை ரசீதும் அதில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் இக்காகிதங்களின் மதிப்பை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சுரங்கத்துக்காக நிலம் எடுக்கப்படுகின்ற வட்டாரம் அது. கையில் ஆதாரம் உள்ளவருடைய பேச்சு எவ்வாறு நிற்கும், ஆதாரம் இல்லாதவர் எத்தனை முறை நடக்க நேரும் என்பதை அவ்வூர்ப் பெரியவர்கள் நன்கறிவர்.

அதே பெட்டியில் நம் வீட்டாருடைய உடல்நிலை பற்றிய காகிதம் ஒன்றேனும் இருக்கிறதா என்று பார்ப்போமாயின், பெரும்பாலும் ஏமாற்றமே கிட்டும். பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்துக் குணமாகி வந்தவரை, "என்ன நோய்? என்ன மருந்து கொடுத்தார்கள்?" என்று கேட்டால், "ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள்" என்பதற்குமேல் சொல்ல இயலாது. அவருக்குச் செய்யப்பட்ட அனைத்தும் நாள்வாரியாகவும் மணிவாரியாகவும் ஓர் ஏட்டில் எழுதப்பட்டுள்ளது. அவ்வேடு ஆஸ்பத்திரியின் அலமாரியில் இருக்கிறது. அதன் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு. அதனைப் பெறும் வழியையே இக்கட்டுரையில் விளக்க எண்ணுகிறோம்.

நெய்வேலி வட்டாரத்தில் இதன் தேவை

1956-ஆம் ஆண்டில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அந்நிறுவனம் 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் வழங்குகிறது. அதன் நகரியத்தில் நிறுவனத்தின் பொது மருத்துவமனை இருக்கிறது. சுற்றிலும் குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரியில் ஜிப்மரும் உள்ளன. இவற்றுக்கு அப்பால், ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில் சென்னை மருத்துவமனைகள் உள்ளன.

மருத்துவமனைகள் பல இருப்பது நன்மையே. ஆயினும் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நோய் முற்றியவர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பப்படுகிறார். நோயாளி நகர்கிறார்; ஏடு பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது. புதிய இடத்து டாக்டர் ஆரம்பத்திலிருந்து விசாரித்து, எடுத்த சோதனைகளையே மீண்டும் எடுக்க வேண்டியதாகிறது. காலமும் பணமும் வீணாவதோடு, சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

முந்திரித் தோப்பில் வேலை செய்பவரைக் கண்ணாடி விரியன் தீண்டிற்று என்று வைத்துக்கொள்வோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து செலுத்தி, மேல்சிகிச்சைக்குக் கடலூருக்கு அனுப்புகிறார்கள். கடித்தது எத்தனை மணிக்கு, மருந்து ஏற்றியது எத்தனை மணிக்கு, எத்தனை குப்பி ஏற்றப்பட்டது, இரத்தம் உறையும் சோதனையின் முடிவு என்ன என்பவை அடுத்த டாக்டருக்கு உடனே தெரிந்தாக வேண்டும். இவ்விரியனின் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. ஆகையால் குணமாகி வீடு திரும்பிய பின்னரும் அக்குறிப்புகள் பயன்படும். இத்தனையையும் உடன் வந்த உறவினரின் நினைவை நம்பி விடுவது முறையாகுமா?

விபத்துகளிலும் இவ்வாறே. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் உயிர் துறந்ததை இவ்வட்டாரம் மறக்கவில்லை. காயமுற்றோர் முதலில் நெய்வேலியிலும் பின்னர்ச் சென்னையிலும் சிகிச்சை பெற்றனர். இத்தகைய சமயங்களில் துயரத்தில் மூழ்கிய குடும்பத்தார்க்குக் காகிதத்தைப் பற்றிய எண்ணம் வராதது இயல்பே. ஆனால் இழப்பீடு, ஊனச் சான்று, காப்பீடு ஆகியவற்றைக் கேட்கும் நாளில் சிகிச்சை நடந்த எல்லா இடங்களின் ஏடுகளும் வேண்டியிருக்கும்.

ஏட்டில் அடங்குபவை

வெளிநோயாளியாகச் சென்று வருவோருக்குச் சீட்டு ஒன்று தரப்படுகிறது. அது நம் கையிலேயே இருப்பதால், அதனைக் காப்பது நம் பொறுப்பாகும். படுக்கையில் சேர்க்கப்படுவோருக்குத் தனி ஏடு தொடங்கப்படுகிறது. மக்கள் இதனைக் 'கேஸ் ஷீட்' என்பர். இதில் அடங்குபவை வருமாறு:

1. சேர்க்கையின்போது நோயாளி கூறிய விவரமும் டாக்டர் கண்ட நிலையும்.
2. டாக்டர் நாள்தோறும் எழுதிய குறிப்புகளும் மருந்துக் கட்டளைகளும்.
3. செவிலியர் எழுதிய காய்ச்சல், நாடி, இரத்த அழுத்தக் கணக்கும், மருந்து கொடுத்த நேரமும்.
4. இரத்தம், சிறுநீர் முதலிய சோதனை முடிவுகளும், எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகளும்.
5. அறுவை சிகிச்சை நடந்திருப்பின் அதன் குறிப்பும், மயக்க மருந்துக் குறிப்பும், நோயாளி கையொப்பமிட்ட சம்மதப் பத்திரமும்.
6. வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்கக் குறிப்பு. இதுவே 'டிஸ்சார்ஜ் சம்மரி' என்பது.

பலர் கையில் இருப்பது கடைசியாகக் கூறிய சுருக்கம் மட்டுமே. சாதாரண நோய்க்கு அதுவே போதும். வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்பதற்கும், இழப்பீட்டு வழக்குக்கும் முழு ஏட்டின் நகல் தேவைப்படும்.

விதி கூறுவது

இந்திய மருத்துவக் குழுவின் தொழில் ஒழுக்க விதிகள் 2002-ஆம் ஆண்டில் வெளியாயின. உள்நோயாளியின் ஏட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வரை பாதுகாத்து வைத்தல் வேண்டும் என்று அவை கூறுகின்றன. நோயாளியோ, அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட துணையாளரோ, சட்ட அதிகாரிகளோ கேட்பின், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் ஏட்டை வழங்குதல் வேண்டும் என்றும் விதித்துள்ளன. இதனைச் செய்ய மறுப்பது டாக்டரின் தொழில் ஒழுங்கீனமாகக் கருதப்படும். கட்டணப் பாக்கி இருந்தால் கொடுக்க வேண்டாம் என்னும் விலக்கு எதுவும் இவ்விதியில் எழுதப்படவில்லை.

2020-இல் மருத்துவக் குழுவுக்குப் பதிலாகத் தேசிய மருத்துவ ஆணையம் ஏற்பட்டது. அவ்வாணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை வெளியிட்டு, அதே மாதத்தில் அவற்றை நிறுத்தி வைத்தது. ஆகவே 2002-ஆம் ஆண்டு விதிகளையே நாம் எடுத்துக்காட்ட வேண்டும்.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் நோயாளிகளின் உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. படுக்கையில் இருக்கும் காலத்தில் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பிய பின் 72 மணி நேரத்துக்குள்ளும் நகல் கிடைத்தல் வேண்டும் என்று அது கூறுகிறது. நகலெடுக்கும் செலவை நோயாளி ஏற்க வேண்டியிருக்கும். மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் இச்சாசனத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது.

நீதிமன்றங்களும் இவ்வுரிமையை ஏற்றுள்ளன. நோயாளியின் ஏட்டை இரகசியம் என்று கூறி அவருக்கே மறைத்தல் ஆகாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. நோயாளி தம் ஏட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டுப் பெறலாம் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2014-இல் முடிவு கூறிற்று.

மூன்று ஆண்டு என்னும் கணக்கை நம் வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். சில மருத்துவமனைகள் அதற்கு மேலும் ஏடுகளை வைத்திருக்கும். ஆனால் அதனை நம்பிக் காத்திருத்தல் தகாது. அறுவடை முடியட்டும், திருவிழா கழியட்டும் என்று ஒத்திப் போடுவதைவிட, வீடு திரும்பிய வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுவது நன்று.

கேட்க உரியவர் யாவர்?

முதல் உரிமை நோயாளிக்கே உண்டு. நோயாளி குழந்தையாயின் தாயோ தந்தையோ பாதுகாவலரோ கேட்கலாம். நடக்க இயலாதவர், ஒருவரைக் குறித்து அதிகாரக் கடிதம் எழுதிக் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இட்டுத் தரலாம். நோயாளி இறந்துவிட்டால் வாரிசுதாரர் கேட்கலாம். அவர் இறப்புச் சான்றையும், தம் உறவைக் காட்டும் வாரிசுச் சான்று போன்ற ஆதாரத்தையும் இணைப்பது நல்லது.

அண்டை வீட்டாரோ, ஊர்ப் பெரியவரோ, கட்சிக்காரரோ நோயாளியின் அனுமதியின்றிக் கேட்டால் மருத்துவமனை மறுக்கலாம், மறுப்பதே முறையாகும். ஒருவரின் நோய் பற்றிய செய்தி அவருக்கே உரியது.

மனு எழுதும் முறை

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். வழக்கறிஞர் வேண்டுவதில்லை. பெரிய மருத்துவமனைகளில் இதற்கென மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு இருக்கும். அங்கு அச்சிட்ட படிவம் இருந்தால் அதனையே நிரப்பித் தரலாம். படிவம் இல்லாத இடத்தில் கீழ்க்கண்டவாறு எழுதலாம்:

"பெறுநர்: மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள். ஐயா, அம்மா, நான் (என் மகன், என் தாயார்) இன்ன தேதியில் தங்கள் மருத்துவமனையில் இன்ன பிரிவில் சேர்க்கப்பட்டு, இன்ன தேதியில் வீடு திரும்பினேன். என் உள்நோயாளி எண் இது. என் சிகிச்சை சம்பந்தமான முழு ஏட்டின் நகலையும், சோதனை அறிக்கைகளின் நகல்களையும் 2002-ஆம் ஆண்டு மருத்துவத் தொழில் ஒழுக்க விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நகலுக்குரிய கட்டணத்தைச் செலுத்த ஆயத்தமாக உள்ளேன். இப்படிக்கு, பெயர், முகவரி, தேதி, கையொப்பம்."

இதனுடன் அடையாள அட்டை நகல் ஒன்றையும், வீடு திரும்பிய குறிப்பின் நகலையும் இணைக்கவும். மனுவை இரு பிரதிகளாக எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். இது மிகவும் முக்கியம். வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சி இல்லை. 72 மணி நேரக் கணக்கும் முத்திரையிட்ட நேரத்திலிருந்துதான் ஓடும் என்று கொள்க. நேரில் முத்திரை தர மறுத்தால், விரைவு அஞ்சலில் அனுப்பி அஞ்சலக ரசீதைப் பத்திரப்படுத்துக.

அடிதடி, வாகன விபத்து, விஷம் முதலிய காவல்துறை விசாரணைக்கு உட்பட்ட சிகிச்சைகளில், விபத்துப் பதிவேட்டின் நகலையும் தனியே கேட்டல் வேண்டும். வழக்குப் பதிவாகியிருப்பின் காவல் நிலையத்தின் பெயரையும் குற்ற எண்ணையும் மனுவில் குறிப்பது வேலையை எளிதாக்கும்.

நகல் கையில் வந்ததும் பக்கங்களை எண்ணிப் பார்க்கவும். பெயர், வயது, தேதி ஆகியவை சரிதானா, அறுவை சிகிச்சைக் குறிப்பு விடுபட்டுள்ளதா என்று அங்கேயே கவனிப்பது நலம். மூல ஏடு மருத்துவமனையிலேயே இருக்கும். நமக்கு வருவது நகல். அதில் மருத்துவமனையின் முத்திரை இருத்தல் நன்று.

நகல் வராவிடில்

முதலில் மருத்துவமனைத் தலைவருக்கு நினைவூட்டுக் கடிதம் ஒன்று எழுதுவோம். பல இடங்களில் தாமதத்துக்குக் காரணம் ஆள் குறைவும் வேலை மிகுதியுமே. மரியாதையான கடிதம் பெரும்பாலும் காரியத்தை முடித்துவிடும். அதற்கும் பயன் இல்லையெனில், மருத்துவமனை எவ்வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

அரசு மருத்துவமனைகளும், ஜிப்மர் போன்ற மத்திய நிறுவனங்களும், பொதுத்துறை நிறுவனமான என்.எல்.சி. நடத்தும் மருத்துவமனையும் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. பொதுத் தகவல் அலுவலருக்கு மனுச் செய்ய ரூ.10 கட்டணம், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர்க்குக் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கம் ஒன்றுக்கு ரூ.2 ஆகும். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்ட தகவலாயின் 48 மணி நேரத்துக்குள் வர வேண்டும். வராவிடில் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதன்பின் 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். மாநில அரசு மருத்துவமனை பற்றிய இரண்டாம் மேல்முறையீடு சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குச் செல்லும். என்.எல்.சி., ஜிப்மர் பற்றியது புதுதில்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குச் செல்லும். இவ்வேறுபாட்டை அறியாமல் முகவரி மாற்றி அனுப்பினால் மாதங்கள் வீணாகும்.

தனியார் மருத்துவமனையாயின் மாவட்டத்தின் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் முறையிடலாம். தமிழகத்தில் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 1997-ஆம் ஆண்டின் சட்டமும், அதன்கீழ் 2018-ஆம் ஆண்டின் விதிகளும் உள்ளன. டாக்டரின் நடத்தையைப் பற்றிய புகாரைச் சென்னையிலுள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம்.

நுகர்வோர் ஆணையத்தை நாடுவது மற்றொரு வழி. கடலூரில் மாவட்ட ஆணையம் உள்ளது. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்தல் வேண்டும். செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்கு உட்பட்டதாயின் புகார்க் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகள் இதற்குள் வாரா என்று உச்சநீதிமன்றம் 1995-இல் கூறியது. அதே தீர்ப்பில், பணி நிபந்தனையின் பகுதியாக முதலாளி சிகிச்சைச் செலவை ஏற்பது இலவசச் சேவை ஆகாது என்றும் விளக்கியது. நிறுவனச் செலவில் சிகிச்சை பெறும் தொழிலாளரும் அவர் குடும்பத்தாரும் இதனைக் கவனிக்க வேண்டும்.

வழக்காடப் பொருள் இல்லாதவர்க்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உதவும். 15100 என்ற தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். நுகர்வோர் உதவிக்கு 1915 என்னும் எண் உண்டு.

ஊராட்சி செய்யத்தக்கவை

இவ்விஷயத்தில் ஊராட்சியில் பொறுப்பு வகிப்போர் செய்யக்கூடியவை பல உள்ளன. மேலே தந்த மனுவின் மாதிரியைப் பெரிய எழுத்தில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி வைக்கலாம். கிராம சபைக் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு இதனை விளக்கச் செய்யலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு மனு எழுதித் தர, படித்த இளைஞர் இருவரை அமர்த்தலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள், வீட்டுக்கு ஓர் உறை என்ற முறையில் நோய்க் காகிதங்களைச் சேர்த்து வைக்கும் பழக்கத்தைப் பரப்பலாம்.

ஒரு கண்டிப்பையும் இங்கே கூற வேண்டியிருக்கிறது. மனு எழுதி உதவுபவர் தாம் கண்ட நோய் விவரத்தைப் பிறரிடம் சொல்லலாகாது. ஏட்டைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவதும் கூடாது. காசநோய், மனநோய், கர்ப்பப்பை நோய் போன்றவை ஊர்ப் பேச்சாகிவிட்டால், அடுத்த முறை எந்தப் பெண்ணும் உதவி கேட்டு வரமாட்டாள். எச்.ஐ.வி. உற்றவரின் நிலையை வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது.

சேர்த்து வைக்கும் முறையும் எளிதே. ஒவ்வொருவருக்கும் தனி உறை. மேலே பெயர், இரத்த வகை, ஒவ்வாத மருந்தின் பெயர். உள்ளே தேதிவாரியாகச் சீட்டுகள், சோதனை அறிக்கைகள், வீடு திரும்பிய குறிப்புகள். குழந்தைகளின் தடுப்பூசி அட்டையும், கர்ப்பிணியின் தாய் சேய் நல அட்டையும் இவ்வுறையில் இருக்கட்டும். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை பார்ப்போர், தங்களுக்கு நடந்த உடற்பரிசோதனையின் முடிவுகளை வருஷவாரியாகச் சேர்த்து வைப்பது மிகவும் நலம் பயக்கும். இருமலோ, காது மந்தமோ எந்த வருஷத்தில் தொடங்கியது என்ற கேள்வி ஓய்வு பெற்ற பின் எழலாம். அப்போது பதில் கூறக்கூடியது அக்காகிதமே.

பட்டா இல்லாத நிலத்தைப் பற்றிப் பேசும்போது நாம் எவ்வளவு கவலைப்படுகிறோம்! நிலத்தை உழுவது இந்த உடல்தான். தகரப் பெட்டியில் பட்டாவுக்குப் பக்கத்தில் இன்னும் ஓர் உறைக்கு இடமிருக்கிறது. இவ்வாரம் வீட்டிலுள்ள சீட்டுகளைத் தேடி எடுத்து, அவ்வுறையைத் தொடங்கிவிடுமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் யாரேனும் மருத்துவமனையில் படுத்திருந்தால், அந்த ஏட்டுக்கான மனுவையும் இவ்வாரமே எழுதிவிடலாம்.